மாயவன் மேல் மாயவன் கட்டிய பிராது

பலகை சரிந்து சூளையில் வேகாத முப்பது பச்சைக் கோப்பைகளும் தரையில் பொலபொலவென்று உதிர்ந்தபோது, மாயவன் பத்தடி தள்ளிப் பூச்சுத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மேஸ்திரி சக்கரபாணி, "யாரு கை?" என்று கத்தினார். தங்கம்மாள் வேலைக்குச் சேர்ந்து அன்று ஒன்பதாவது நாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்ததால் அவள் திறக்கவில்லை. மாயவன் தொட்டியிலிருந்து கையைக்கூட எடுக்காமல், "எந்திரிக்கறப்ப நாந்தாங்க இடிச்சிட்டேன். கண்ணு செரியா தெரியல" என்றார். மேஸ்திரி வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினார். வேறு யாருக்கோ விழுகிற திட்டைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு, மாயவன் ஜாடிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் பிறகு தங்கம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் நன்றி சொல்வதற்குக்கூட இடம் வைக்கவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். விருத்தாசலத்தில் ரயிலடியைத் தாண்டிப் போனால் வரிசையாக நிற்கிற பீங்கான் கொட்டகைகளில் ஒன்றில், ஊறுகாய் ஜாடிக்கும் கோப்பைக்கும் பளபளப்புப் பூச்சு கொடுக்கிற வேலை. ஜாடியை மூன்று விரலால் கவ்வி, கஞ்சி பதத்தில் இருக்கிற கரைசலில் தலைகுப்புற முக்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி எடுப்பார். ஒரு இடத்தில் திட்டு இருக்காது, ஒரு இடத்தில் சொட்டு நிற்காது. பூச்சை ஏற்குமா என்று பார்க்க ஜாடியின் விளிம்பை நாக்கு நுனியில் ஒட்டிப் பார்ப்பார். நாக்கைப் பிடித்து இழுத்தால் சரி. இழுக்காவிட்டால், "இதுக்கு இன்னும் தாவம் எடுக்கல" என்று ஒதுக்கி வைப்பார்.

முழங்கை வரைக்கும் எந்நேரமும் வெள்ளை. "நீ கோயிலுக்குப் போனா குருக்களு ஒனக்கு துண்ணூறு தர வேண்டியதில்ல மாயவா. நீயே நாலு பேருக்குப் பூசி உடலாம்" என்பான் சூளைக்காரன் காத்தவராயன். "அது கெடக்குது" என்பார் மாயவன். எதற்கும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். பெண்சாதி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆனதை யாராவது எடுத்தாலும் அது கெடக்குது. குழம்பில் உப்பில்லை என்றாலும் அது கெடக்குது.

அப்படிச் சொல்லித் தள்ளாத ஒரே விஷயம் அவரிடம் இருந்த குருவி ஜோடி.

மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி வீட்டம்மா, ரயிலில் கூண்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. லவ் பேர்ட்ஸ் என்று பெயர். கொட்டகையில் எல்லோருக்கும் அது லவ்பேட்ஸு. ஒன்று இளம்பச்சை, இன்னொன்று நீலம். கழுத்திலிருந்து சிறகு வரைக்கும் எறும்பு ஊர்ந்தாற்போல் கறுப்புக் கோடு. வீட்டில் தனியே விட்டு வர மனசு வராது. கூண்டைத் துண்டால் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, தினமும் வேலைக்குக் கொண்டுவந்து முற்றத்துப் புங்கமரத்தில் மாட்டுவார்.

"என்னாண்ணே, ஒத்த ஆளு, ஜோடிய வெச்சிக்கினு வேடிக்க பாக்கறீங்களா?" என்று களிமண் பிசைகிற அம்புஜவல்லி கேட்பாள்.

"அதுங்க சண்ட போட்டா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருது அம்புஜம். ஒன் வூட்டுல அப்பிடியா?"

அம்புஜவல்லியின் வாயை அடைத்த ஒரே ஆள் அவர்தான்.

பீங்கான் கொட்டகைக்கு மழை ஆகாது. சூளைக்குப் போகாத சாமான் முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும். அதில் நாலு துளி விழுந்தால் மறுபடியும் மண்தான். தகரக்கூரையில் முதல் சொட்டு விழுந்ததும் சோறு தின்கிறவன் கை கழுவாமல் ஓடுவான். ஆளுக்கொரு பலகையைத் தோளில் ஏந்திக்கொண்டு எல்லோரும் வெளியேயிருந்து உள்ளே வருகிற அந்த நேரத்தில், மாயவன் ஒருவர்தான் உள்ளேயிருந்து வெளியே போவார். புங்கமரத்தின் உள்கிளையில் தொங்குகிற கூண்டை எடுத்துத் தூறலுக்கு நேராக, வெளிக்கிளையில் மாட்டுவார்.

அதற்குப் பிறகு அந்தக் குருவிகள் செய்கிற கூத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கூண்டின் மேற்கம்பியைக் காலால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். இரண்டு சிறகையும் விரித்து, மழையை அள்ளி அக்குளில் விட்டுக்கொள்வதுபோல ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் சாயும். மாயவன் ஈரக் கொத்தமல்லித் தழையை உள்ளே சொருகிவிட்டால், பச்சை அதில் தலையைத் தேய்க்கும். நீலம் படுத்து உருளும். கத்தல் இருக்கிறதே, கல்யாண வீட்டு அடுப்பங்கரை தோற்றுப்போகும். அவரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே நனைவார். "பாரு, பாரு, கழுத்த எப்பிடி காட்டுதுன்னு பாரு" என்று யாரும் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அதற்கும் அவரிடம் சட்டம் இருந்தது. தூறல் மட்டும்தான்; கனத்தால் கூண்டு உள்ளே வந்துவிடும். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்துக்கு மேல் கிடையாது. "சாயங்கால மழ ஆவாது. எறக காயறதுக்குள்ள இருட்டிப்புடும்." துடைக்க மாட்டார், வெயிலிலும் வைக்க மாட்டார். அதுகளே ஒன்றையொன்று கோதிக் காயவைத்துக்கொள்ளும்.

தங்கம்மாளுக்கு அது பொறுக்காது. நாலு வருஷமாகப் பலகை சுமந்த கை; ஈரமென்றால் கேடு என்றுதான் அதற்குத் தெரியும். "பாவம்ணே, நடுங்குதுங்க பாருங்க" என்பாள்.

"நடுக்கமில்ல தங்கச்சி, சிலுப்பிக்குது. அதுங்க பொறந்த சீமையில மழயே பேயாதாம், ஆபீசரம்மா சொன்னாங்க. பேஞ்சா அன்னிக்குத்தான் அதுங்களுக்குத் தீவாளியாம்."

அவள் நம்பவில்லை. கிருத்திகை தவறாமல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தே போகிறவள். எறும்புக்குக்கூட வழிவிட்டுக் கோலம் போடுகிறவள். தன் இரக்கத்தின் மேல் அவளுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாசம், ஒரு மத்தியானம் தூறல் போட்டது. மாயவன் கூண்டை வெளிக்கிளையில் மாட்டின சமயம், நெய்வேலியிலிருந்து களிமண் லாரி வந்து நின்றது. மண் நனைவதற்குள் இறக்க வேண்டும். மேஸ்திரி ஆண்களையெல்லாம் வாசல் பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனார். "தா வந்துட்டேன்" என்று குருவிகளிடம் சொல்லிவிட்டு அவரும் போனார்.

தங்கம்மாள் கடைசிப் பலகையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள். தூறல் கொஞ்சம் கனத்தாற்போல இருந்தது. கூண்டு மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் யோசிக்கவேயில்லை. நனைகிற சாமானை எடுக்கிற கை, அதையும் எடுத்தது. ஈரம் ஏறிய பச்சைச் சாமானை எங்கே கொண்டுபோய் வைப்பாளோ, அங்கேயே கொண்டுபோய் வைத்தது. எரிகிற சூளைக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் நுழைகிற சந்து. கதகதவென்று இருக்கும். காத்தவராயன் நிலக்கரியைத் தள்ளிவிட்டு லாரிக்குப் போயிருந்தான். காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று கூண்டின் மேல் ஒரு சாக்கையும் போர்த்தினாள். "முருகா, காப்பாத்து" என்று சொன்னாள். மனசு நிறைந்துதான் அங்கிருந்து போனாள்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. சந்துக்குள் போகும்போதே கண் எரிந்தது. கரிப்புகை அடைந்து கிடந்தது. சாக்கை எடுத்தாள். இரண்டும் கூண்டின் அடித்தகட்டில், அலகைத் திறந்தபடி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இறகெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது.

அதுவரைக்கும் நடந்தது அறியாமை. யாரும் மன்னிப்பார்கள், சாமியும் மன்னிக்கும். அடுத்து அவள் செய்ததுதான் அவளைச் சோறு தின்ன விடாமல் செய்தது. கூண்டை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, தூறலில் அதே வெளிக்கிளையில் பழையபடி மாட்டினாள். யாரும் பார்க்கவில்லை. அவள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே செய்தாள்.

லாரி போன பிறகு மாயவன் மண்கையோடு ஓடிவந்தார். பச்சையை எடுத்து அலகுக்குள் ஊதிப் பார்த்தார். நீலத்தைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு வைத்துத் தேய்த்தார். கூட்டம் கூடிவிட்டது.

"வாயில்லாத சீவன மழயில போட்டே சாவடிச்சிட்டீங்களேண்ணே!" என்று அம்புஜவல்லி முதலில் எடுத்துக்கொடுத்தாள்.

"நான் எத்தினி வாட்டி தலப்பாடா அடிச்சிக்கினேன்?" என்றார் சக்கரபாணி. அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "மனுசனுக்கே சளி புடிக்குது. இது விரக்கட அளவு குருவி."

"தங்கம்மா, நீதான இந்தப் பக்கம் இருந்த? நீயாவது உள்ள எடுத்து வெக்கக் கூடாதா?" என்று காத்தவராயன் கேட்டான்.

"பலக எடுக்கற அவசரத்துல பாக்கலண்ணே" என்றாள் தங்கம்மாள். நாக்கு தடுமாறவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாயவன் நீலத்தைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் வாயிலிருந்து 'அது கெடக்குது' வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

நாலாம் நாள் காலையில் அவர் தங்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைத்தாள். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுத வேண்டும் என்றார்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். களவு போனால், ஏமாந்து போனால், அநியாயப் பழி விழுந்தால், மனுஷன் தீர்க்காததைச் சாமி தீர்க்கட்டும் என்று ஒரு தாளில் எழுதி, அந்தக் கோயிலில் முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். குற்றவாளியைச் சாமி தேடிப் பிடித்துத் தண்டிக்கும். காரியம் தீர்ந்தால் 'ராஜினாமா' என்று இன்னொரு தாள் எழுதிவைத்துப் பிராதை முடிக்க வேண்டும். தங்கம்மாள் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள், எழுத்து குண்டுகுண்டாக இருக்கும். பொய்ப்பிராது எழுதித் தரமாட்டாள் என்று பெயர். அதனால் தெருவில் யார் பிராது கட்டினாலும் எழுதுகிற கை அவளுடையதுதான்.

பேனாவைத் தேடுவதுபோல அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யார் பேர்லண்ணே?"

"எழுது தங்கச்சி. மாயவன் பேர்ல, மாயவன் குடுக்கற பிராது."

அவள் கணவன் கலியமூர்த்தி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துச் சிரித்தான். "நல்லாருக்குதே! வாதியும் நீங்க, பிரதிவாதியும் நீங்க. சாமி யார கூப்புட்டு விசாரிக்கும் மாமா?"

"ஒரு ஆளுதான், சாமிக்கு வேல கம்மி" என்றார் மாயவன். சிரிக்காமல் தங்கம்மாளைப் பார்த்தார். "நான் சொல்றத எழுது. என்ன நம்பி இருந்த ரெண்டு உசுர மழயில வெச்சிட்டு மறந்துட்டேன். யாரும் என்னக் கேக்கல. நாலு திட்டோட உட்டுட்டாங்க. அது பத்தாது. நீயே பாத்து செய்யின்னு எழுது."

அப்போது சொல்லியிருக்கலாம். பேனா கையில் இருந்தது, ஆள் எதிரில் இருந்தார், சாமி பெயரைத் தாளின் தலையில் அவள் எழுதியும் ஆகிவிட்டது. கலியமூர்த்தி நிற்கிறானே என்று ஒரு சாக்கு. தெருவே தன் எழுத்தை நம்புகிறதே என்று இன்னொரு சாக்கு. அவள் எழுதினாள். 'மழையில் வைத்து' என்கிற இடத்தில் மை திட்டாக இறங்கியது. மேலேயே மறுபடி எழுதினாள். மாயவன் கட்டை விரலில் மை தடவி ரேகை வைத்தார். "ஒன் எழுத்து முத்து மாதிரி இருக்குது. சாமிக்கு நல்லா புரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த கிருத்திகைகளில் அவள் முனியப்பர் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்தாள். அங்கே காற்றில் ஆடுகிற தாள்களில் ஒன்று தன் கையெழுத்து என்று தெரியும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், பால் திரிந்தால், பல்லி விழுந்தால், இதுதான் என்று பயந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆனது மாயவனுக்கு. மாசி மாசம் பூச்சு சிந்தின ஈரத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் புரண்டுவிட்டது. பத்துக்கட்டுப் போட்டு மூன்று வாரம் படுத்தார். ரசம் கொண்டுபோன தங்கம்மாளிடம், "பாத்தியா, பிராது கேட்டுக்கிச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நினைத்த காரியம் கைகூடினவன் முகம். அவள் ரசத்தை வைத்துவிட்டு, டம்ளரைக்கூட வாங்காமல் வந்துவிட்டாள். கால் கூடிய பிறகும் அவர் சற்றே சாய்ந்துதான் நடந்தார். மழை பெய்தால் எல்லோரையும் போல அவரும் பலகை எடுத்தார். முடிந்ததும் சுவரைப் பார்க்க உட்கார்ந்துகொள்வார். "என்னா மாயவா, இன்னிக்கு யாரயும் குளிப்பாட்டலியா?" என்று எவனாவது சீண்டினால், ஒரு ஜாடியை எடுத்து நாக்கில் ஒட்டிப் பார்ப்பார்.

இப்படி மூன்று ஐப்பசி போயிற்று. திட்டக்குடியில் இருந்த அவருடைய தம்பி திடீரென்று தவறிப்போனான். கொஞ்சம் நிலம், ஒரு விதவை, வயசுக்கு வந்த இரண்டு பெண்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாயவன் வேலையை விட்டுக் கிளம்பினார்.

சித்திரை மாசம், நல்ல வெயில். போகிற அன்றைக்குக் காலையில் மறுபடியும் ஒரு வெள்ளைத்தாளோடு வந்து நின்றார்.

"ஒரு ராஜினாமா எழுதிக்குடு தங்கச்சி. ஊர உட்டுப் போறேன், பிராத தொங்க உட்டுட்டுப் போவக் கூடாது. தண்டன அனுபவிச்சிட்டேன், முடிச்சிக்கன்னு எழுது. நீ கிருத்திகைக்குப் போறப்ப வெச்சிட்டு வந்துரு."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். 'ஸ்ரீ கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு' என்று எழுதினாள். 'மாயவன் செய்த குற்றத்துக்கு' என்று அடுத்த வரி வர வேண்டும். கை நகரவில்லை. ஒரு பொய்யை ஒரே சாமிக்கு இரண்டு தடவை எழுத அவளால் முடியவில்லை.

"நீங்க போங்கண்ணே. பஸ்ஸ்டாண்டுக்கு எடுத்தாரேன்" என்றாள்.

திட்டக்குடி பஸ் புறப்படத் தயாராக நின்றது. மாயவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்திருந்தார். தங்கம்மாள் வியர்த்து விறுவிறுக்க வந்து ஜன்னலடியில் நின்றாள். தாளை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கிட்ட குடுத்தா? எனக்கென்னா படிக்கவா தெரியும்? நீயே படி. ரேகை வெக்கறதுக்கு முன்னாடி காதுல கேட்டுக்கறேன்."

யாராவது படித்துச் சொல்லட்டும், எழுத்தாகவே கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் அவள் வந்திருந்தாள். பக்கத்து ஜன்னலில் ஒரு அம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கம்மாள் தாளைத் திரும்ப வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"மாயவன் பேரில் மாயவன் கட்டிய பிராதில் குற்றம் அவர் பேரில் இல்லை. தூறலில் இருந்த கூண்டை எடுத்து எரிகிற சூளையோரம் வைத்துச் சாக்குப் போர்த்தியது தங்கம்மாள். குருவிகள் புகையில் செத்தன. செத்த பிறகு மரத்தில் கொண்டுபோய் மாட்டியதும் தங்கம்மாள். பிராது எழுதினதும் அதே தங்கம்மாள். ஆகையால் மாயவனை விட்டுவிட்டு..."

அந்தச் சொல்லோடு தாளைத் தாழ்த்திக்கொண்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் பார்த்து ஆள் கூப்பிட்டான். அவர் கத்துவார், காறித் துப்புவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒன்றையும் காணாமல் நிமிர்ந்தாள். மாயவன் அவளைப் பார்க்கவில்லை. எதிர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் என்னமோ அசைந்தது.

"மழ ஒண்ணும் பண்ணலியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

"நெசமாவா?"

"எறக காஞ்சிதாண்ணே இருந்திச்சு, நான் எடுக்கறப்ப."

விசில் ஊதியது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. மாயவன் ஜன்னல் வழியாக அந்த வெள்ளைக் கையை நீட்டி, அவள் விரலிலிருந்து தாளை உருவி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸோடு கூடவே நாலு எட்டு நடந்த தங்கம்மாளிடம், கோபமே இல்லாமல், ஒரு சின்ன விஷயத்துக்கு வருத்தப்படுகிறவர் போல அவர் சொன்னார்:

"முன்னாடியே சொல்லியிருந்தீன்னா, இன்னொரு ஜோடி வாங்கியிருப்பனே தங்கச்சி."